எந்த மாதம் வெள்ளையடித்தீர்கள்?

போன வாரம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்திருந்தான். சிவில் படித்துவிட்டு, மதிப்பீட்டாளர் தேர்வும் எழுதிப் பாஸ் செய்தவன். காபியைக் குடித்து முடிக்கிறவரை பொறுமையாக இருந்தான். டம்ளரைக் கீழே வைத்ததும் கேட்டான்: "சார், இந்தத் தொழில் நிக்குமா? இப்ப விலாசத்தத் தட்டுனா கம்ப்யூட்டரே விலையச் சொல்லிருது." முகத்தில் அவ்வளவு கவலை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இதே கேள்வியை எழுபதுகளிலேயே என் மாமனார் கேட்டுவிட்டார், அதுவும் நான் பெண் பார்க்கப் போன இடத்தில்.

"மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்றார். வீடு, நிலம் இவற்றுக்கு மதிப்புப் போட்டு வங்கிக்கு அறிக்கை கொடுக்கிறேன் என்றேன். "அப்ப தரகரா?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தரகர் விற்கிறவர் பக்கமோ வாங்குகிறவர் பக்கமோ நிற்பார், நான் யார் பக்கமும் நிற்க மாட்டேன் என்றேன். அவர் "யாரு பக்கமும் நிக்காத ஆளுக்கு யாரு தம்பி கூலி குடுப்பா?" என்றார். இருந்தும் பெண்ணைக் கொடுத்துவிட்டார், அது அவருடைய தைரியம்.

இப்போது தொழிலுக்கு வருகிற உங்களுக்கு அந்தக் காலத்து நிலவரம் தெரியாது. வங்கிகள் அரசுடைமையான பிறகு கோவில்பட்டி மாதிரி ஊர்களில் சின்ன ஆட்களுக்கும் கடன் கொடுக்க ஆரம்பித்தார்கள். கிணறு வெட்ட, கடை போட, தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலை தொடங்க என்று ஆட்கள் வந்தார்கள். ஈடாக எழுதிக் கொடுக்க அவர்களிடம் இருந்தது ஒரு வீடு, அல்லது வானம் பார்த்த கரிசல் காடு. அது என்ன பெறும் என்று சொல்ல வெளியாள் ஒருவர் தேவைப்பட்டார். அந்த வெளியாள்தான் நான். மாதச் சம்பளம் கிடையாது. அறிக்கை கொடுத்த கூலி வருகிறபோது வரும். டேப்பும் குடையுமாக டவுன் பஸ்ஸில் ஏறி, இறங்குகிற இடத்திலிருந்து கருவேல மரங்களுக்கு நடுவே நடந்து போக வேண்டும். கூட வர ஆள் கிடையாது, கேட்டுக்கொள்ள போன் கிடையாது. போகிற வீட்டிலெல்லாம் கலர் சோடா உடைத்துக் கொடுப்பார்கள், கிளம்பும்போது கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பையில் திணிப்பார்கள். அங்கேயே ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்ளலாம், பொட்டலம் வீட்டுக்கு வரக்கூடாது என்று நானாக ஒரு சட்டம் வைத்திருந்தேன். என் மனைவிக்கு அந்தச் சட்டத்தின் மேல் இன்னும் கோபம் உண்டு.

சரி, அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவனுக்கு அன்று ஒரு வீட்டின் கதையைத்தான் சொன்னேன். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். வைகாசி மாத வெயில். வங்கி மேலாளர் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். அவர் பாளையங்கோட்டைக்காரர், கோப்புகளைத் தள்ளி வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்.

"எட்டயபுரம் ரோட்டுல ஒரு வீடு வே. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தீப்பெட்டி ஆபீஸ் போடணும்னு லோன் கேக்காக. பெரியவரு போய்ப் பாத்துட்டு, சுவரெல்லாம் வெடிச்சிருக்கு, ஈடுக்கு ஆகாதுன்னு எழுதிட்டாரு. அந்த அம்மா தெனமும் வந்து நிக்குது. நீரு ஒரு நடை போயிட்டு வந்து, நாளைக்கு வந்து சொல்லும். அவரு சொன்னது சரின்னா நீரும் அதையே எழுதும், கோப்ப மூடிருதேன்."

பெரியவர் என்று அவர் சொன்னது வெளியூரிலிருந்து காரில் வருகிற ஒரு மதிப்பீட்டாளரை. எங்கள் வட்டாரத்திலேயே அப்போது பெயர் பெற்றவர், கைசுத்தமானவர். நான் அந்த வங்கியின் பட்டியலில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. லஞ்சத்தைப் பற்றி நம்மை எல்லோரும் எச்சரித்து அனுப்புவார்கள். முன்னால் போனவர் எழுதியதற்கு ஆமாம் போடுவதில் ஒரு சுகம் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் யாரும் எச்சரிப்பதில்லை. அன்று பஸ்ஸில் போகும்போதே எனக்கு அந்தச் சுகம் வந்துவிட்டது. போய்ப் பார்த்து, ஆமாம் என்று எழுதிக் கொடுத்தால் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

வீட்டுக்காரியின் பெயர் எஸ்தர். அவள் கணவர் தேவசகாயம், வேறொருவர் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிறவர். எஸ்தர் வீட்டில் இருந்தபடியே மரச் சட்டத்தில் குச்சி அடுக்கிக் கொடுப்பாள். தொழில் முழுக்க இருவருக்கும் அத்துப்படி. சொந்தமாகச் சின்னதாக ஒரு ஆபீஸ் போட உரிமம் வாங்கிவிட்டார்கள், வாடகைக்கு ஒரு கொட்டகையும் பேசிவிட்டார்கள். கடன் மட்டும்தான் பாக்கி. கொட்டகைக்காரர் மாதக் கடைசிவரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் கடன் வராவிட்டால் தேவசகாயம் பம்பாய்க்கு ரயிலேறுவது என்று முடிவாகி, அங்கே இருக்கும் சொந்தக்காரருக்குச் சொல்லியும் விட்டிருந்தார்கள். இதெல்லாம் நான் டேப்பை எடுப்பதற்குள் எஸ்தர் சொல்லி முடித்துவிட்டாள்.

வீடு நல்ல வீடுதான். செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, சுத்தமான தரை. வராந்தாவில் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் வெளுத்துப்போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் முன்னறையில் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரைக்கும் ஒரு வெடிப்பு. பார்த்ததும் எனக்கே திக்கென்றது.

கரிசல் மண்ணில் வீடு கட்டினால் வெடிப்பு வராமல் இருக்காது. கோடையில் மண் காய்ந்து கால் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும், ஐப்பசி மழையில் உப்பி மூடிக்கொள்ளும். மேலே நிற்கிற வீடும் அதோடு சேர்ந்து அசைந்துகொடுக்கும். அதனால் எந்த வெடிப்பு வருஷா வருஷம் வந்து போவது, எது வீட்டைச் சாய்க்கப் போவது என்று பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் பக்கத்து மதிப்பீட்டாளருக்கு முதல் பாடம். அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. வெடிப்புக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே சுண்ணாம்பு ஏறியிருந்தால் பழைய வெடிப்பு, பல வெள்ளையடிப்புகளைப் பார்த்தது, பயமில்லை. உள்ளே வெறும் செங்கல் தெரிந்தால் இந்த வருஷம் புதிதாக விட்டது, அடித்தளம் இறங்குகிறது, உஷார். பெரியவரும் இதைத்தான் பார்த்திருக்கிறார். நானும் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இல்லை, வெறும் செங்கல்.

"எம்மா, இது புது வெடிப்பு" என்றேன்.

எஸ்தருக்கு வந்ததே கோபம். "அவியளும் இதத்தான் சொல்லிட்டுப் போனாவ. காரை விட்டு இறங்குனாவ, லைட்ட அடிச்சாவ, ஏறிட்டாவ. எங்க மாமனார் கட்டுன வீடு சார் இது. நான் வாக்கப்பட்டு வந்த வருசத்துலருந்து பாக்குதேன். பங்குனி பொறந்தா வாயத் தொறக்கும், மழை விழுந்தா மூடிக்கிடும். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கைல இங்கன ஒரு கோடு தெரியாது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"எல்லாரும் சொன்னா பொய்யாயிருமா?"

பொய் என்று நினைக்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. கடன் கேட்கிறவர் சொல்வதை வைத்து அறிக்கை எழுத முடியாது. அவள் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது, தேவசகாயம் கதவோரம் தலையைக் குனிந்து நின்றார். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. இரக்கப்பட்டு எழுதினால் நாளைக்கு அந்தச் சுவர் இவர்கள் தலையிலேயே விழலாம். பையை மூடப் போனவன், கடைசியாக ஒருமுறை வெடிப்பின் ஆழம் பார்க்கலாம் என்று விரலை உள்ளே விட்டேன்.

"ஐயோ, கைய விடாதீங்க!" எஸ்தர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "தேளு கெடக்கும் சார். அதுக்குத்தான் குச்சியச் செருகி வச்சிருக்கேன், தெரியலையா?"

அப்போதுதான் கவனித்தேன். அடுக்குவதற்கு உதவாத கோணல் குச்சிகளை, மருந்து முக்காத வெறும் குச்சிகளை, வெடிப்பு நெடுக இடைவெளி விட்டுச் செருகியிருந்தாள். ஒவ்வொரு கோடையிலும் தேள் வராமல் இருக்க அப்படிச் செய்வாளாம். குச்சிக்குப் பஞ்சமில்லாத வீடு. நான் ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தேன். புதுக் குச்சி, லேசாக வந்துவிட்டது. அதோடு பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இன்னொன்றும் சேர்ந்து வந்து தரையில் விழுந்தது. குப்பை என்று நினைத்துக் காலால் தள்ளப் போனேன். தள்ளவில்லை, குனிந்து எடுத்துவிட்டேன். அந்த நிமிஷம் ஏன் குனிந்தேன் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

பழைய குச்சி அது. நசுங்கித் தட்டையாக இருந்தது. ஒரு முனையில் மட்டும் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, மற்றபடி உடம்பெல்லாம் வெறும் மரம்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தேவசகாயம் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை, யோசிக்க அவகாசம்தான் வேண்டியிருந்தது. இந்தக் குச்சி போன கோடையில் செருகப்பட்டது. மழையில் சுவர் இதை நசுக்கிப் பிடித்திருக்கிறது. பிடித்த பிடியில் வெளியே தலை நீட்டிய முனை மேல் சுண்ணாம்பு விழுந்திருக்கிறது. உள்ளே ஏறவில்லை, ஏனென்றால் ஏற இடமே இல்லை. வெள்ளையடித்த அன்றைக்கு வெடிப்பு மூடிக் கிடந்திருக்கிறது.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நான் அதுவரை பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள். பங்குனியில் வெடிப்பு வாய் திறந்துவிடும், சுண்ணாம்பு உள்ளே போகும். எங்கள் விதி அந்தத் தெருக்களில் பிறந்த விதி. எஸ்தர் வீட்டில் வெள்ளையடிப்பது மார்கழியில், கிறிஸ்துமஸுக்கு. வயலில் ஈரம் காயாத மாதம். இந்தச் சுவரில் எத்தனை வருஷத்து வெடிப்பாக இருந்தாலும் உள்ளே சுண்ணாம்பு ஏறாது. நல்ல விதிதான், ஆனால் இந்த வீட்டுக் காலண்டருக்கு அது பொருந்தவில்லை.

வெடிப்பின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரைக்கும் தேடினேன். இன்னும் சில பழைய குச்சிகள் கிடைத்தன. சிலவற்றின் முனையில் சுண்ணாம்பு பல பூச்சுகளாகத் தடித்திருந்தது. எல்லாவற்றையும்விட என்னைச் சமாதானப்படுத்தியது வேறொன்று. அந்தப் பழைய கோடைகளில் வெடிப்பை அடைக்க ஓரிடத்துக்கு ஒரு குச்சி போதுமாக இருந்திருக்கிறது. இந்தக் கோடையிலும் ஒரே குச்சிதான். வெடிப்பு வளர்ந்துகொண்டே போயிருந்தால் சேர்த்துச் செருக வேண்டி வந்திருக்கும். சுவர் திறக்கிறது, மூடுகிறது, பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது.

"என்ன சார், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீங்க?" என்றாள் எஸ்தர்.

"காலித் தீப்பெட்டி ஒண்ணு குடுங்கம்மா" என்றேன்.

மறுநாள் மேலாளர் மேஜையில் அந்தப் பெட்டியைத் திறந்து கொட்டினேன். "என்ன வே, வங்கியக் கொளுத்த வந்தீரா?" என்றார். ஒவ்வொரு குச்சியாகக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக் குச்சியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிவது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு.

"பெரியவரு ஆகாதுங்காரு, நீரு ஆகும்ங்கீரு. மழைக்கு அந்தச் சுவரு விழுந்துட்டா? என் பேரு போறது கெடக்கட்டும், உம்ம பேரு எந்த வங்கிப் பட்டியல்லயும் இருக்காது, பாத்துக்கிடும்."

மாமனார் முகம் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் சொன்னேன்: "அவிய கேட்ட அளவுக்கு மதிப்புப் போடல சார், கொறச்சுத்தான் போட்டிருக்கேன். கூரைத்தண்ணி சுவரடியில விழாம சிமென்ட் தளம் போடணும்னு நிபந்தனை எழுதியிருக்கேன். நான் அடையாளம் வச்ச ஒரு குச்சியையும் வெடிப்புல செருகிட்டு வந்திருக்கேன், சுவரு மூடுனா அதக் கெட்டியாப் பிடிச்சுக்கிடும். மழை முடிஞ்சதும் நானே போய்ப் பாத்து எழுதித் தாரேன். கூலி வேண்டாம்."

அவர் என் அறிக்கையை எடுத்துப் படித்தார். பிறகு குச்சிகளைப் பெட்டிக்குள் போட்டு, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். "கூலி வேண்டாம்னு எவன்கிட்டயும் சொல்லாதேயும். வெளங்க மாட்டீரு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கொட்டகைக்காரர் சொன்ன கெடுவுக்குள் கடன் கைக்கு வந்துவிட்டது.

அந்த வருஷம் மழையா அது! ஐப்பசியில் பிடித்தது, விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது. ஊரே சந்தோஷப்பட்டது, பருத்தியும் கம்பும் செழித்தன. நான் ஒருத்தன் மட்டும் ஒவ்வொரு இடிக்கும் எஸ்தர் வீட்டுச் சுவரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அந்த வீட்ட நீங்களா கட்டுனீங்க?" என்று என் மனைவி கேட்டாள். கட்டியவர்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

அதற்கு நடுவில், மதிப்பீட்டாளர்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில் பெரியவரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன், அவரே கையைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டார். மேலாளர் அவரிடம் குச்சிகளைக் காட்டியிருக்கிறார். திட்டப் போகிறார் என்று நின்றேன். "நான் செம்மண் ஊர்க்காரன் தம்பி. எங்க ஊர்ல சுவர் ஒருதடவை வெடிச்சா வெடிச்சதுதான், மூடறதுங்கிற பேச்சே கிடையாது" என்றார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் டார்ச்சை எடுப்பதற்கு முன்னால், "எந்த மாசம் வெள்ளையடிச்சீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். எங்களிடமும் கேட்கச் சொன்னார். பெரிய மனுஷர் என்றால் எனக்கு இன்றைக்கும் அவர்தான்.

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். விலாசத்தைத் தட்டினால் விலை வரும், வரட்டும். அந்த விலையும் பல வீடுகளைப் பார்த்துப் பிறந்த ஒரு விதிதான். விதி பொருந்தாத வீடு ஒன்று எப்போதும் எங்கேயாவது இருக்கும், அதற்குள் ஒரு எஸ்தர் கோபமாக நின்றுகொண்டிருப்பாள். அங்கே போய்த் தரையில் உட்கார ஒரு ஆள் தேவைப்படுகிறவரை உங்களுக்கு வேலை உண்டு. பயப்படாமல் வாருங்கள். கூலியை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

அந்த வீட்டில் கடைசியில் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் முடித்தால் என்னை விடமாட்டீர்கள்.

மழை ஓய்ந்து, கிறிஸ்துமஸ் நெருங்குகிற சமயம் போனேன். தெருமுனையிலேயே கால் தயங்கியது. வீடு நின்றுகொண்டிருந்தது. வராந்தாவில் புது நட்சத்திரம். சுவரடியில் நான் எழுதிய நிபந்தனைப்படி சிமென்ட் தளம் போட்டிருந்தார்கள். தேவசகாயம் ஆபீஸில் இருந்தார், அங்கே பெண்கள் வேலைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள் என்று எஸ்தர் சொன்னாள். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக, முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் மூலையைப் பார்த்தேன். வெடிப்பு இருந்த இடம் தெரியவில்லை. தடவிப் பார்த்துத்தான் என் குச்சியின் தலையைக் கண்டுபிடித்தேன். நீலப் பென்சிலால் நான் வைத்த அடையாளம் அப்படியே இருந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். வரவில்லை. நகத்தால் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அசையவில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அங்கேயே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் வாளி நகரும் சத்தம் கேட்டது. "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க சார்" என்றாள் எஸ்தர். "இருட்டுறதுக்குள்ள இந்தச் சுவர முடிக்கணும்."

நான் விலகி நின்றேன். வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி எடுத்து, என் குச்சியின் தலையோடு சேர்த்து ஒரே இழுப்பாக அடித்துக்கொண்டு போனாள்.